எல்லையோர ஊரிலிருந்து முதல் ராப் பாடல்: எழுதுவது முதல் வெளியிடுவது வரை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தியாம்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் இருந்துகொண்டு முதல் ராப் பாடலையோ பாப் பாடலையோ வெளியிட நினைக்கும் தமிழ் இளைஞர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. ஒரு பக்கம் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும், மறுபக்கம் பாலக்காடும் திருச்சூரும் என்று இரண்டு மொழிகளின் இசை வட்டாரங்களும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருப்பது இந்தப் பகுதிக்கு வாய்த்த வசதி. ஆனால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் கேமராவுக்கும் ட்ரோனுக்கும் ஆள் பிடித்து, கையிலிருந்த பணத்தையெல்லாம் காணொளியில் போட்டுவிட்டு, கடைசியில் யூடியூபில் கிடைத்த ஏதோ ஒரு பீட்டின் (ராப்புக்கான பின்னணி இசை) மீது அவசரமாகப் பதிந்த குரலை ஒட்டிவிடுகிறார்கள். பீட்டின் சொந்தக்காரர் ஒரு நாள் உரிமை கோரினால் பாடலோடு சேர்ந்து காணொளியும் முடங்கிவிடலாம். அதனால் இங்கே வேறு வரிசை சொல்லப்படுகிறது: கேட்பது, எழுதுவது, உரிமையை எழுத்தில் வாங்குவது, குரலைப் பதிவது, அதன் பிறகே படம் பிடிப்பது.

முதல் படி: காது

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசை வழங்கிய ஒரு விருந்தையே ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை அருகருகே வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீளமாக்கியது அவருடைய புதுமை. பழைய ஒலியை எடுத்துப் புதிதாக்கும் பழக்கம் இந்த இசைக்குப் பிறவியிலேயே வந்தது என்பதை, ரீமிக்ஸ் பற்றிப் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் கேட்கத் தொடங்குபவர்கள், மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா குழுவினரின் 2006 தொகுப்பிலிருந்து தொடங்கலாம். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாடலான 'மடை திறந்து' அதில் புது வடிவம் பெற்றது. அடுத்து கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹிப்ஹாப் தமிழா, 2018இல் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, ஆந்திர எல்லைக்கு அருகே அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு ஆகியோரையும், மலையாளப் பக்கத்தில் ஸ்ட்ரீட் அகாடமிக்ஸ், வேடன், டப்ஸீ, ஹனுமான்கைண்ட் ஆகியோரையும் கேட்க வேண்டும். இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியலில் பெரும்பகுதி உரைநூல் இல்லாமலே புரியும்.

ரசிப்பதோடு நிறுத்திவிடாமல், பிடித்த ஒரு வெர்ஸை (பாட்டில் ராப் வரும் பத்தி) தேர்ந்தெடுத்து, வரிவரியாகக் கையால் எழுதி, தாளம் விழும் அசைகளுக்குக் கீழே கோடிட்டுப் பாருங்கள். நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார். வழக்கமான வெர்ஸ் பதினாறு பார். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் அது ஏறக்குறைய 43 வினாடியில் முடிந்துவிடும். இவ்வளவு குறுகிய இடத்தில் எவ்வளவு சொல்லலாம், எங்கே மூச்சு எடுக்கலாம் என்பது எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும்.

இரண்டாம் படி: வரிகள்

தமிழில் ராப் எழுதுபவருக்குப் பள்ளியில் படித்த யாப்பு நேரடியாகக் கைகொடுக்கிறது. நான்கு சீர் கொண்ட அளவடி நான்கு தட்டு கொண்ட பாரில் அப்படியே உட்கார்ந்துவிடும். விளக்கத்துக்காக எழுதிய இரண்டு வரிகளைப் பாருங்கள்:

செக்போஸ்ட்டில் நிக்குது லாரி வரிசை,
பக்கத்துக் கடையில பாதித்தமிழ் ஓசை.

'செக்', 'பக்' என்று இரண்டாம் எழுத்தில் எதுகையும், 'சை' என்று இறுதியில் இயைபும் இருக்கின்றன. இவற்றைவிட முக்கியமானது, 'செக்', 'நிக்', 'பக்' ஆகிய இடங்களில் வரும் வல்லின ஒற்று. வாயை அடைத்துத் திறக்கும் அந்த ஒலியே ஒரு தாளக் கருவியாக வேலை செய்யும். அதை ஸ்னேர் டிரம்மின் அடி விழும் இடத்தில் வைத்தால் பீட் மெலிதாக இருந்தாலும் வரி அடிக்கும். நெடிலை நீட்டவும் குறிலை நெருக்கவும் தெரிந்துவிட்டால் ஃப்ளோ என்று சொல்லப்படும் சொல்லோட்டத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் வினைமுற்று பால், எண், இடம் காட்டுவதால் 'வந்தான், நின்னான், சொன்னான்' என்று இயைபு மலிவாகக் கிடைக்கும். எட்டு வரி தொடர்ந்து 'ஆன்' என்றே முடிந்தால் கேட்பவருக்கு அலுத்துவிடும். வினையை வரியின் நடுவுக்குத் தள்ளி, பெயர்ச்சொல்லில் வரியை முடித்துப் பழகுவது இதற்கு நல்ல மருந்து.

எந்த வழக்கில் எழுதுவது என்ற கேள்வி எல்லையோரத்தில் கட்டாயம் எழும். வடசென்னை வழக்கை இரவல் வாங்கி எழுதும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. எனக்கு அது ஒட்டவே இல்லை. வீட்டில் கொங்குத் தமிழும், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளமும், சந்தையில் இரண்டும் கலந்தும் பேசுபவர் அப்படியே எழுதினால் போதும். பாலக்காட்டு நாட்டார் கூத்தான பொறாட்டு நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். அதைப் பார்த்துச் சிரித்த ஊர்களுக்கு இருமொழி வெர்ஸ் புதுமையாகத் தோன்றாது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஹூக் மட்டும் ஒரே மொழியில் இருப்பது நல்லது, ஏனென்றால் ஒரே முறை கேட்டவர் திரும்பப் பாட வேண்டிய பகுதி அதுதான்.

மூன்றாம் படி: பீட்டும் அதன் உரிமமும்

பீட் கிடைக்க மூன்று வழிகள் உண்டு: நீங்களே செய்வது, தெரிந்த தயாரிப்பாளரிடம் செய்து வாங்குவது, இணையத்தில் உரிமம் வாங்குவது. தானே செய்பவருக்கு பேண்ட்லேப் இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசியிலும் ஓடும். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் வேலை செய்யலாம், சேமிக்கவும் செய்யலாம். ஆனால் சேமித்த கோப்பைப் பணம் கட்டும் வரை மீண்டும் திறக்க முடியாது. ஆகவே மூடுவதற்கு முன் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்வது அவசியம்.

பிரபலக் கலைஞர்களின் பாணியில் செய்து, இணையத்தில் 'டைப் பீட்' என்ற பெயரில் கிடைப்பவற்றில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. 'இலவசம்' என்று போட்டிருப்பதற்குப் பெரும்பாலும் வருமானம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்றுதான் பொருள். பணம் கட்டி வாங்கும் லீஸ் உரிமத்திலும் படிநிலைகள் உண்டு. மலிவானதில் எம்பி3 மட்டும் கிடைக்கும். அடுத்ததில் வேவ் கோப்பும், அதற்கு மேல் தனித்தனித் தடங்களான ஸ்டெம்களும் கிடைக்கும். உச்சியில் உங்களுக்கு மட்டுமே உரிய எக்ஸ்க்ளூசிவ் உரிமம் இருக்கும். லீஸில் வாங்கிய அதே பீட்டை முகம் தெரியாத பலர் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் பெரும்பாலான லீஸ் ஒப்பந்தங்கள் பாடலை, ஒலியை அடையாளம் கண்டு தானாகவே உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பில் பதிவு செய்யக் கூடாது என்று நிபந்தனை விதிக்கின்றன. வெளியீட்டுப் படிவத்தில் கன்டென்ட் ஐடிக்கான கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்தால், அதே பீட்டில் பாடிய மற்றவர்களின் காணொளிகள் மீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமைகோரல் போய் விழும். எத்தனை ஸ்ட்ரீம் வரை அனுமதி, எத்தனை ஆண்டு, காணொளிக்குப் பொருந்துமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடிப் படித்துவிட்டு, அதன் பிடிஎஃப் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்.

முதல் பாடலுக்கு என் பரிந்துரை, பக்கத்து ஊரில் பீட் செய்யும் ஒருவரைக் கண்டுபிடித்துச் சேர்ந்து செய்வது. சம்பளம் குறைவாகவும் பங்கு கூடுதலாகவும் பேசிக்கொள்ளலாம். ஸ்டெம்களும் கையில் இருக்கும்.

ரீமிக்ஸ் செய்ய விரும்பினால்

புதியவர்களை அதிகம் ஈர்ப்பதும் அதிகம் மாட்டிவிடுவதும் ரீமிக்ஸ்தான். ஒரு பாடலில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் ஒன்று, பதிவு செய்யப்பட்ட ஒலி மற்றொன்று. இந்தியச் சட்டத்தில் முதலாவது படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகளும், இரண்டாவது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். பழைய சினிமாப் பாட்டிலிருந்து நாலு வினாடி வயலினை வெட்டி எடுத்துச் சுழற்றினால் இரண்டு உரிமையாளர்களின் அனுமதியும் தேவை. வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்ப்பதும் இதில் அடங்கும். விளக்கப் பெட்டியில் 'உரிமை அனைத்தும் உரியவருக்கே' என்று எழுதுவதால் அனுமதி கிடைத்துவிடாது. ஏழு வினாடிக்குள் எடுத்தால் பரவாயில்லை என்று ஊரில் சொல்லப்படும் கணக்குக்கும் சட்டத்தில் இடமில்லை.

கவர் என்பது வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு, முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுத்துச் சட்டப்படியான உரிமத்தில் கவர் செய்ய வழி இருக்கிறது. ஆனால் மூலத்தை மாற்றக் கூடாது. அதன் நடுவே உங்கள் சொந்த ராப் வெர்ஸைச் செருகினால் அது அந்த வழிக்குள் வராது.

நாட்டுப்புறப் பாட்டைப் பயன்படுத்துபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். வழிவழியாக வரும் கும்மிப் பாட்டுக்குத் தனிச் சொந்தக்காரர் இல்லை, ஆனால் ஒரு நிறுவனம் அதைப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுக்கு உண்டு. களை எடுக்கும் இடத்தில் ஒரு பாட்டி பாடியதையோ, வேலத் திருவிழாவுக்கு வந்த செண்டைக் குழுவினர் வாசித்ததையோ நீங்களே பதிந்தாலும் நிகழ்த்தியவர் என்ற முறையில் அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. என்ன பயன்பாடு, எவ்வளவு தொகை, பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது முறை. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், பாட்டிக்குப் பணம் கொடுப்பதுதான் நியாயம்.

முறைப்படி ரீமிக்ஸ் பழக விரும்புபவர்கள், கலைஞர்களே ஸ்டெம்களைக் கொடுத்து நடத்தும் போட்டிகளில் கலந்துகொள்ளலாம், அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மாற்றங்களை அனுமதிக்கும் ஒலிகளைத் தேடி எடுக்கலாம்.

நான்காம் படி: பங்குத்தாள்

பதிவறைக்குப் போகும் முன் யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிவிடுங்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், பீட் செய்தவர், ஹூக் பாடியவர், பணம் போட்டவர் என்று பெயர்களும், வரி-மெட்டுக்கு ஒரு கணக்கும் ஒலிப்பதிவுக்கு ஒரு கணக்குமாகச் சதவீதங்களும் அதில் இருக்க வேண்டும். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்று தோன்றும். 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் கேட்கப்பட்ட 'என்ஜாய் எஞ்சாமி' பாடலிலிருந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று அதில் பங்காற்றிய சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். பெயர் பெற்றவர்களுக்கே அந்த நிலை என்றால் முதல் பாடல்காரருக்கு எழுத்து எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏதேனும் நிறுவனம் பாடலை எடுத்துக்கொள்ள முன்வந்தால், எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த உரிமைகள், கணக்கு எப்போது காட்டப்படும் என்ற மூன்றையும் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

ஐந்தாம் படி: குரல்பதிவு

வீட்டிலேயே பதியலாம், ஆனால் அறையைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். இந்தப் பகுதியில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று பாலக்காட்டுக் கணவாயின் காற்று. டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று சன்னலின் ஒவ்வொரு இடுக்கிலும் ஊளையிடும். மற்றொன்று தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும். ஜூன் மழையில் அதன் அடியில் எதையும் பதிய முடியாது. கான்கிரீட் கூரையுள்ள சிறிய அறையில், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, மைக்கின் பின்புறம் அந்தத் துணிகளைப் பார்க்கும்படி நிறுத்தி, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கனத்த கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி பெரிதும் அடங்கும். மைக்கை மட்டும் துணிக்கு நடுவில் வைத்துவிட்டு முதுகுப்பக்கச் சுவரை வெறுமையாக விடுபவர்கள் பலர். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் குரல்தான் மைக்கின் முன்பக்கத்தில் நேராக நுழைகிறது. மின்விசிறியையும் அடுத்த அறையின் குளிர்பெட்டியையும் நிறுத்துங்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். 'ப', 'ட்ட' போன்ற ஒலிகளின் காற்று நேரே மைக்கில் மோதாமல் பாப் ஃபில்டர் என்ற வலையை வைத்து, சற்றே பக்கவாட்டில் திரும்பிப் பாட வேண்டும். மிக உரத்த வரியிலும் அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் குரல் உடையாது. முழு வெர்ஸையும் மூன்று நான்கு முறை பாடிவிட்டு, அவற்றிலிருந்து சிறந்த வரிகளைப் பொறுக்கிச் சேர்ப்பதே வழக்கம். வரியின் கடைசிச் சொற்களை மட்டும் இன்னொரு தடத்தில் இரட்டித்தால் பாட்டு கனக்கும்.

குரலையும் பீட்டையும் சமன்செய்து சேர்க்கும் மிக்ஸிங்கை மட்டும் அனுபவம் உள்ளவரிடம் பணம் கொடுத்துச் செய்யச் சொல்கிறேன். செலவாகும் பணத்தில் பெரும்பகுதி இங்கே போவதில் தவறில்லை. ஸ்பாட்டிஃபை தன் தளத்தில் பாடல்களை ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்படுத்தி ஒலிக்கவிடுவதால், 'எல்லோரையும்விடச் சத்தமாக' என்று நசுக்கி வாங்குவதில் பயன் இல்லை. முடித்த பாடலை மலிவான இயர்போனிலும், ஆட்டோவின் ஸ்பீக்கரிலும், கைப்பேசியிலும் ஒருமுறை கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

ஆறாம் படி: காணொளி

2024 ஜூலையில் ஹனுமான்கைண்ட் வெளியிட்ட 'பிக் டாக்ஸ்' காணொளி, பொன்னானியில் ஒரு மரணக் கிணற்றுக்குள் படமானது. நம் சித்தூர்ப்புழை கலக்கும் பாரதப்புழை கடலில் சேரும் இடம் அந்தப் பொன்னானிதான். திருவிழாத் திடலில் நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய ஒரே இடம், சரியான யோசனை, அபாரமான ஓட்டுநர்கள், இவ்வளவையும் வைத்து அது உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பத்து இடங்களுக்கு வண்டி வைத்துப் போவதைவிட ஒரே இடத்தை முழுதாகப் பயன்படுத்துவது முதல் காணொளிக்கு நல்லது என்பேன். பனைமரங்கள் வரிசையாக நிற்கும் சித்தூர்ப் பக்கத்து வரப்பும், அதிகாலைக் காய்கறிச் சந்தையும் நம் கைக்கு எட்டும் இடங்கள். கொல்லங்கோட்டு வயல்கள் அழகுதான். ஆனால் எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. ரயில் பாதையிலும் நிலையத்திலும் ரயில்வேயின் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது, வாளையாரில் யானைகள் கடக்கும் பாதை என்பதால் ஆபத்தும் கூட. காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி வேண்டும். கேரளத்தில் இருக்கும் பரம்பிக்குளத்துக்குத் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகத்தான் சாலை போகிறது என்பதால் இரண்டு வனத்துறைகளின் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கும். ட்ரோன் பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் ட்ரோனுக்குத் தடையுள்ள சிவப்பு மண்டலமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை போதும்.

படப்பிடிப்பில் மூன்று நுட்பங்கள் உதவும். முடிந்த பாடலைப் புளூடூத் பெட்டியில் உரக்க ஒலிக்கவிட்டு, பாடுபவர் உதட்டை மட்டும் அசைக்காமல் உண்மையிலேயே வாய்விட்டுப் பாட வேண்டும்; இல்லாவிட்டால் கழுத்து நரம்பு அசையாததைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல்விளக்கும் திருவிழா விளக்கும் உள்ள இடங்களில் வினாடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்), ஷட்டர் வினாடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஒளி துடிக்காது. பாடுபவர் மெதுவாக நடக்க, உதடு மட்டும் தாளத்தோடு பொருந்த வேண்டுமானால், பாடலை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு 50 சட்டகத்தில் எடுத்து, 25இல் ஓட்டுங்கள். குறுங்காணொளிக்காக ஹூக் பகுதியை மட்டும் கைப்பேசியை நெட்டாகப் பிடித்து இன்னொரு முறை எடுத்துக்கொள்வது பின்னால் பெரும் வேலையை மிச்சப்படுத்தும்.

ஏழாம் படி: வெளியீடு

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் தனிநபர் நேரடியாகப் பாடலை ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். மேடைப்பெயரை முடிவு செய்யும் முன் எல்லாத் தளங்களிலும் தேடிப் பாருங்கள். அதே பெயரில் இன்னொருவர் இருந்தால் உங்கள் பாட்டு அவருடைய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு பாடலிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாடலின் மொழி என்ற கட்டத்தில் ஹூக்கின் மொழியைக் கொடுப்பது பொருத்தம். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். ஒலி வேவ் கோப்பு. ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்து-எண் அடையாளத்தை விநியோக நிறுவனமே பெரும்பாலும் கொடுத்துவிடும். அதைக் குறித்து வையுங்கள், நிறுவனத்தை மாற்றினாலும் அதே எண்ணைத் தொடர்ந்தால்தான் கேட்புக் கணக்கு தொடரும்.

புதிய பாடல்கள் உலகெங்கும் வெள்ளிக்கிழமை வெளியாவது வழக்கம். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் தொகுப்பாளர்களுக்குப் பாடலை முன்வைக்கக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகக் கோரிக்கை போக வேண்டும்; விநியோக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுவது பாதுகாப்பு. அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். அங்கே ஈட்டும் ராயல்டிக்கு 30 சதவீதம் பிடிக்கப்படுவது, இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி 15 ஆகக் குறையும்.

பணத்தைப் பற்றி மிகையான நம்பிக்கை வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 2024 முதல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் 1000 ஸ்ட்ரீம் தொடாத பாடலுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரரும், ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும்.

வெளியான பிறகு

வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாடலைப் பதிவு செய்துகொள்ளலாம். பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் ஒலிப்பதற்கான ராயல்டி அந்த வழியில் வரும். பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் தலா 500 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு செய்ய முடியும். தகராறு வந்தால் அந்தச் சான்று உதவும்.

யூடியூபில் உரிமைகோரல் வந்தால் பதற வேண்டாம். கன்டென்ட் ஐடி கோரிக்கையும் பதிப்புரிமை ஸ்ட்ரைக்கும் வெவ்வேறு. முதலாவதில் வருமானம்தான் பெரும்பாலும் திசைமாறும், ஆனால் 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். பீட் ஒப்பந்தத்தின் பிடிஎஃப் கையில் இருந்தால் மறுப்பு அனுப்பச் சில நிமிடம் போதும்.

ஸ்டெம்களையும் குரல் தடத்தையும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் சேமியுங்கள். யாராவது உங்கள் பாட்டை ரீமிக்ஸ் செய்யக் கேட்டால், பங்கு எவ்வளவு, பெயர் எப்படி வரும், எந்தத் தளங்கள் வரை அனுமதி என்று எழுதி வாங்கிய பிறகு குரல் தடத்தை மட்டும் முதலில் அனுப்புங்கள்; மாதிரி பிடித்திருந்தால் மீதியை அனுப்பலாம்.